எமது உயரத்தில் பங்குகொண்டோர்

என் பெரியம்மா ஐறீன் கதைப் புத்தகம் வாசிப்பதில்லை. பிழை வாசிப்பார்.

தொழிலே அதுதான். ஜம்பட்டா வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு ஒழுங்கையில் இருக்கும் அச்சகத்தில் பன்னிரண்டு வருடமாக எழுத்துப்பிழை பார்க்கிறார். கலியாண அழைப்பிதழ், மரண அறிவித்தல், கோயில் துண்டுப்பிரசுரம் எல்லாம் அவர் கண்ணைத் தாண்டித்தான் மெஷினுக்குப் போகும். பகல் முழுக்க அந்த வேலை பார்த்த மனுசி வீட்டுக்கு வந்தால் கண்ணை மூடிக்கொண்டு படுக்க வேண்டும் அல்லவா? மாட்டார். பிளேன்ரீயை வைத்துக்கொண்டு, பேப்பரின் மரண அறிவித்தல் பக்கத்தைச் சிவப்புப் பேனையோடு திறப்பார். பால்மாப் பெட்டி, பஸ் ரிக்கற், மருந்துக்கடைப் பெயர்ப்பலகை எதற்கும் மன்னிப்பில்லை. பிழை அகப்பட்டால் சத்தம் வராது. தோள் மட்டும் குலுங்கும்.

"மற்றவைக்குச் சிரிப்புப் பத்திரிகை. இவளுக்குச் செத்தவீட்டு நோட்டீஸ்" என்பார் என் அம்மா நேசம். பெரியம்மாவின் தங்கச்சி.

நல்ல பிழைகளை ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதி வைப்பார். 'புதுமனை புகுவிழா' என்று வரவேண்டிய இடத்தில் 'புதுமனைவி புகுவிழா'. 'மதிய விருந்து' என்பதற்கு 'மதிய மருந்து'. ஒரு நவநாள் துண்டில் 'பாவிகளாகிய எங்களை' என்பது 'பாவிகளாகிய உங்களை' என்று போய், பங்குச்சாமி அதைத் திருத்த வேண்டாம் என்று நினைத்ததாகக்கூடக் கேள்வி. எல்லாம் அச்சுக்கு முன்னர் பெரியம்மா பிடித்தவை, அல்லது வேறு அச்சகங்கள் கோட்டை விட்டவை.

எங்கள் வீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அப்பா கட்டாரில் லொறி ஓட்டுகிறார். நான் ஜெறோம், பதினேழு வயது. ஓ-லெவலை இரண்டு தரம் எழுதினேன். இரண்டு தரமும் கணக்குப் பேப்பர் என்னை ஏற்றுக்கொள்ளவில்லை. பெரியம்மா தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பையோடு வந்தவர். அவருடைய அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருக்கும். கொழும்பிலேயே பிறந்த எனக்கே சோதனைச் சாவடியில் ஆயிரம் கேள்வி என்றால் அவருக்கு எப்படி இருக்கும்? அதனால் 'இவர் எம்மிடம் வேலை செய்கிறார்' என்று முதலாளி மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு கடிதம் கொடுப்பார். பெரியம்மா அதைப் பொலித்தீன் உறையில் போட்டு, செபமாலையோடு கைப்பைக்குள் வைத்திருப்பார். இந்த ஜூனில் கொழும்பு லொட்ஜுகளில் இருந்த தமிழர்களைப் பொலிஸார் பஸ்ஸில் ஏற்றி வடக்கே அனுப்பிய பிறகு, அம்மா தினமும் காலையில் கேட்கிற முதல் கேள்வி, "அக்கா, கடிதம் இருக்கோ?"

இனி என் குற்றத்துக்கு வருகிறேன்.

ஜாபிர் நானாவின் இன்டர்நெற் கடையில் ஐந்து கொம்பியூட்டர். ஏதாவது இறுகி நின்றால் நான் தட்டிக் கொடுப்பேன். அதற்குப் பதிலாக எனக்கு இலவச மணித்தியாலம். அப்படி இருந்த ஒரு நாள், தமிழில் பகிடி எழுதுகிற ஒரு தளம் கண்ணில் பட்டது. டொரொண்டோ, பாரிஸ், லண்டன் என்று எங்கெங்கோ இருந்து ஆட்கள் வந்து எழுதுவார்கள். எல்லாம் அரைத்த மாவு. இதைவிட எங்கள் வீட்டுக் கொப்பி எவ்வளவோ மேல் என்று பட்டது. பெரியம்மாவுக்குத் தெரியாமல் தினமும் ஒரு பிழையாகப் போடத் தொடங்கினேன். புனைபெயர், 'பிழைதிருத்தி'.

ஒரு மாதத்தில் பிழைதிருத்திக்கு உலகம் முழுக்க ஆட்கள். பனிக்குள் வேலைக்குப் போகிற ஒருவன், ரெயினில் இதை வாசித்துத் தனியாகச் சிரித்து, பக்கத்துச் சீற்றில் இருந்தவள் எழும்பிப் போய்விட்டாள் என்று எழுதினான். 'இண்டைக்கு ஊரில் இருந்து நல்ல செய்தி இது ஒன்றுதான்' என்று இன்னொருவன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் வீட்டில் சொல்லவில்லை.

செப்டெம்பரில் ஒரு நாள் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்ட ஒரு வரி இருந்தது. 'எமது உயரத்தில் பங்குகொண்ட அனைவருக்கும் எமது நன்றிகள்.' துயரத்தில் என்று வரவேண்டியது. ஒரு 'து' போய் ஒரு 'உ' வந்திருக்கிறது. நட்சத்திரத்துக்குக் கீழே 'என்னுடையது' என்று எழுதியிருந்தார். அதன் அர்த்தத்தை நான் யோசிக்கவில்லை. சிரித்த சிரிப்பில் அப்படியே தட்டச்சுச் செய்து போட்டுவிட்டேன்.

இருநூற்றுப் பதினான்கு பின்னூட்டங்கள். 'எங்களுக்கும் ஒரு ஏணி தாருங்கள்.' 'நானும் ஐந்தடி ஒன்பது அங்குலம் பங்குகொள்கிறேன்.' ஜாபிர் நானாவே கல்லாவை விட்டு எழும்பி வந்து பார்த்தார்.

"என்ன மல்லி, ஊரே சிரிச்சிக்கிட்டு ஈக்கி. யார்ட காட் இது?"

"தெரியாது நானா."

தெரிந்திருக்க வேண்டும். அது காலமான ஒஸ்வால்ட் அங்கிளின் முப்பத்தோராம் நாள் நன்றி நவிலல் காட். துறைமுகத்தில் வேலை பார்த்தவர். கொட்டாஞ்சேனையில் அவரை ஒஸ்வால்ட் என்று சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. 'கட்டை ஒஸ்வால்ட்' என்றால்தான் தெரியும். நாலடி பத்தங்குலம். மனைவி கொன்ஸ்ரன்ஸ் அவரைவிட ஒரு விரல் குறைவு. மகன் கிளறன்ஸ், டொரொண்டோவில் இருப்பவன், அவனும் அப்படித்தான். விசாச் சிக்கலால் அப்பாவின் அடக்கத்துக்கு வரமுடியாமல் போனவன். தபாலில் வந்த அந்தக் காட்டை அலமாரியில் வைத்திருந்தவன். இருநூற்றுப் பதினான்கு பேர் சிரிப்பதை அவன் பார்த்தான். உடனே தாய்க்குப் போன் எடுத்தான்.

அடுத்த நாள் காலை கொன்ஸ்ரன்ஸ் அன்ரி குடையோடு அச்சகத்துக்குப் போய், மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கிற மாதிரி எல்லோரையும் கேட்டிருக்கிறார். பின்னேரம் பெரியம்மா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தார்.

"யோகநாதன் முதலாளி என்ன சொன்னவர்?" என்றார் அம்மா.

"கொன்ஸ்ரன்ஸ் அக்கா வந்து 'சரி, விடுங்கோ' எண்டு சொல்லவேணுமாம். ஞாயிற்றுக்கிழமைக்குள்ள. இல்லாட்டித் திங்கள் நான் வரத் தேவையில்லையாம்."

"கடிதம்?"

"இந்த மாசத்தோட முடியுது."

 அடுப்பில் பருப்பு அடிப்பிடித்த மணம் வந்தும் அம்மா எழும்பவில்லை.

அப்போதுதான் நான் சொன்னேன். நெற்றில் போட்டது நான் என்று. கொப்பியை எடுத்தது, புனைபெயர், எல்லாம். அம்மா கையில் கிடைத்த அகப்பையைத் தூக்கினார். பெரியம்மா என் பக்கம் திரும்பினார்.

"எல்லாத்தையும் போட்டனியோ?"

"ஓம்."

"தட்டேக்க ஒற்றெழுத்து ஒண்டும் விடேல்லையே?"

அம்மா அகப்பையைக் கீழே போட்டுவிட்டார். பெரியம்மா எழும்பிச் செருப்பைக் கழற்றினார். "முதலாளியிட்ட உன்ர பேர் சொல்லேல்ல, சொல்லவும் மாட்டன். பிழை என்ர. கொப்பியும் என்ர."

அந்தக் காட் அவர் கைக்கு வந்த நாளின் காலையில் சோதனைச் சாவடியில் அவரை இரண்டு மணி நேரம் வெயிலில் நிறுத்திவைத்திருந்தார்கள். அது எனக்கும் அம்மாவுக்கும் தெரியும். அதை அவர் முதலாளியிடம் சொன்னாரா என்று கேட்டேன். "பிழைக்குக் காரணம் போடுறதுக்கு ஓரத்தில இடமில்லையடா" என்றார்.

செவ்வாய்க்கிழமை நானும் பெரியம்மாவும் புளூமெண்டால் பக்கம் கொன்ஸ்ரன்ஸ் அன்ரியின் வீட்டுக்குப் போனோம். நான் கேக் கிடைக்கும் என்று போவதாக அம்மாவிடம் சொல்லிவைத்தேன். கேக் இல்லை. கதவைப் பாதிதான் திறந்தார்.

"என்ட மனுசன அறுபத்தொரு வருசமா கட்ட, கட்ட எண்டு கூப்பிட்டாங்க. பெட்டிக்குள்ள வெச்ச பொறகும் விடமாட்டீங்களா? இப்ப கனடா வரைக்கும் பகிடி!"

"வேணுமெண்டு செய்யேல்ல அக்கா. ஆனா பிழை என்ர கையால போனது. திருத்தித் தாறன்."

"எதத் திருத்துவீங்க? நூத்தியிருவது வீட்டுக்குப் போயிட்டு! போங்க, போய் வீடு வீடாத் திருத்துங்க!" உள்ளே போய், காட் போய்ச் சேர்ந்தவர்களின் பெயரும் விலாசமும் எழுதிய அப்பியாசக் கொப்பியைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் எறிந்தார். கதவு சாத்தப்பட்டது.

வேறு யாராவது என்றால் அதை ஏச்சு என்று விளங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். பெரியம்மா குனிந்து கொப்பியை எடுத்து, முதல் பெயரை வாசித்து, "இது பக்கத்து ஒழுங்கைதான்" என்றார்.

அப்படித்தான் தொடங்கியது. தினமும் வேலை முடிந்த கையோடு நாலரையிலிருந்து இரவு ஒன்பது வரை, ஒரு ஒழுங்கைக்குள்ளேயே பத்துப் பன்னிரண்டு வீடு. வீட்டுக்குப் போவோம். பெரியம்மா மெல்லிய கறுப்புப் பேனையை எடுப்பார். "ஒஸ்வால்ட் அண்ணையின்ர நன்றிக் காட்டில ஒரு பிழை விட்டுட்டன். இரண்டு நிமிசம் தாறீங்களோ?" அவர்கள் பைபிளுக்குள்ளிருந்தோ ஷோகேஸ் கண்ணாடிக்குப் பின்னாலிருந்தோ காட்டை எடுத்து வருவார்கள். 'உ'வை ஒரு கோடு, ஓரத்தில் ஒரு 'து', அச்சகத்தில் போடுகிற அதே குறி. பிறகு அப்பியாசக் கொப்பியில் ஒரு சரி. நான் குடை பிடிப்பேன், நாய்களைச் சமாளிப்பேன், தருகிற பிஸ்கற்றைச் சாப்பிடுவேன்.

மூன்றாம் வீட்டிலேயே சிக்கல் தொடங்கிவிட்டது. திருத்த வந்தவரை ஆட்கள் உட்காரவைத்துக் கதை சொன்னார்கள். ஒஸ்வால்ட் அங்கிள் பூசைக்கு வரும்போது கக்கத்தில் ஒரு சின்ன ஸ்ரூல் கொண்டுவருவாராம். பிறிஜெற் என்று ஒரு அன்ரி சொன்னார்: "பிரசங்கம் நீண்டா அதுலயே இருந்துருவாரு. சாமி பாத்தா எழும்பி நிக்கிற மாதிரித்தான் தெரியும்." பெரியம்மாவின் தோள் குலுங்கியது. அந்த வாரத்தில் அதுதான் முதல் தரம்.

வியாழக்கிழமை வத்தளைக்குப் போகும்போது பாலத்தடிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். பெரியம்மாவின் கைப்பையைத் திறந்த ஆமிக்காரன் அப்பியாசக் கொப்பியை எடுத்தான். நூற்றிருபது தமிழ்ப் பெயர், விலாசம், பாதிக்குப் பக்கத்தில் சரிக் குறி.  ஜூனுக்குப் பிறகு அப்படி ஒரு பட்டியலோடு பிடிபட எனக்குப் பைத்தியமா?

"மே மொனவத?" என்றான். இது என்ன?

பெரியம்மா முதலில் பொலித்தீன் கடிதத்தைக் கொடுத்தார். பிறகு காட்டைக் காட்டி, தன் உடைந்த சிங்களத்தில் சொல்லத் தொடங்கினார். செத்தவரின் காட். நான் விட்ட பிழை. 'துக' என்று வரவேண்டிய இடத்தில் 'உச' வந்துவிட்டது. துன்பத்துக்குச் சிங்களத்தில் துக, உயரத்துக்கு உச. எங்கள் பகிடி அந்த மொழியிலும் ஒரு காலை ஊன்றி நின்றதை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

ஆமிக்காரன் காட்டில் இருந்த ஒஸ்வால்ட் அங்கிளின் படத்தைப் பார்த்தான். "கொச்சர உசத?" எவ்வளவு உயரம்?

பெரியம்மா கையைத் தன் நெற்றிக்கு நேரே வைத்துக் காட்டினார். பெரியம்மாவே ஐந்தடிதான். அவன் முகத்தை மற்றப் பக்கம் திருப்பினான். ஆனால் தோளில் துவக்குப் பட்டியே சிரிப்பில் ஆடியது. கொப்பியை மூடிக் கையில் கொடுத்து, போகச் சொன்னான். பஸ் பாலம் ஏறிய பிறகும் பெரியம்மா கைப்பையின் சிப்பை மூடப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் தெரியாதவன் போலக் கைப்பையை நான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மட்டக்குளியில் செபஸ்தியன் அங்கிளின் வீடு. ஒஸ்வால்ட் அங்கிளோடு துறைமுகத்தில் முப்பது வருடம். ஆறடி மனுசன். இப்போது முழங்கால் இரண்டிலும் வருத்தம், கதிரையைவிட்டு எழும்ப ஒரு நிமிடம் எடுக்கிறார். காட்டை எடுத்துவந்தார், ஆனால் கொடுக்கவில்லை.

"திருத்த வேணாம், மிஸ்."

"பிழை அண்ணை அது."

"எங்க பிழை? கேளுங்க. திருவிழாவில சொரூபம் தூக்குறது நாலு பேர். ஒஸ்வால்ட் முன் தடியில ஒருத்தன். சின்ன வயசுல இருந்து அவனுக்கு அந்த ஆசை. அவன்ட உயரத்துக்கு சொரூபம் ஒரு பக்கம் சரியுமா, இல்லியா? அதால நாங்க மத்த மூணு பேரும் முழங்கால மடக்கித்தான் நடப்பம். கோயில்ல இருந்து கோயில் வரைக்கும், முழுச் சுத்தும். பதினெட்டு வருசம்."

"அவருக்குத் தெரியுமோ?" என்று கேட்டது நான்தான்.

"அவனுக்கா? தடி சமமா நிக்குது பாருங்கடா, ஒருத்தனும் என்னக் கட்ட எண்டு சொல்லக்கூடா எண்டு எங்களுக்கே ஏசுவான்!" முழங்காலைத் தடவினார். "டொக்டர் கேட்டாரு, என்ன வேல செஞ்சீங்க, இப்பிடித் தேஞ்சிருக்கே எண்டு. நான் சொல்லல்ல. எமது உயரத்தில் பங்குகொண்ட. சரியாத்தானே போட்டிருக்கிறீங்க?"

பெரியம்மா பேனையை மூடினார். அப்பியாசக் கொப்பியில் அவர் பெயருக்கு நேரே சரி போடாமல் ஒரு வட்டம் போட்டார்.

அந்தக் கதை பரவிவிட்டது போலும். அதற்குப் பிறகு போன வீடுகளில் பலர் காட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். முப்பத்துமூன்று வட்டங்கள். "எழுபது வீதம்தான் திருத்தியிருக்கிறன். இப்பிடி ஒரு வேலையை அச்சகத்தில செய்தா அண்டைக்கே கலைச்சுப்போடுவினம்" என்று பெரியம்மா கவலைப்பட்டார்.

சனிக்கிழமை நான் ஜாபிர் நானாவின் கடைக்குப் போனேன். பழைய பதிவை அழித்தேன். அந்த இடத்தில் நான்கு மணித்தியாலம் இருந்து எழுதினேன். ஸ்ரூல், சொரூபம், மடங்கிய முழங்கால்கள், எல்லாம். இந்தக் காட்டை வைத்துச் சிரிக்க வைத்தது நான், பிழைகளைப் பிடிக்கிற என் பெரியம்மா அல்ல என்றும் எழுதினேன். என் சொந்தப் பெயரைப் போட்டேன். எழுதியதில் எத்தனை ஒற்றெழுத்து விட்டேனோ தெரியாது. கண் கொஞ்சம் மங்கலாக இருந்தது. "ஸ்க்ரீன் வெளிச்சம்" என்றேன் ஜாபிர் நானாவிடம்.

"ஓ, அந்த ஸ்க்ரீன் அப்பிடித்தான்" என்றார் அவர், வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு. அன்றைக்கு மணித்தியாலக் கணக்குப் பார்க்கவில்லை.

ஞாயிறு, இரண்டாம் பூசை முடிந்ததும் கொன்ஸ்ரன்ஸ் அன்ரியின் வீட்டுக்குப் போனோம். பெரியம்மா பூசையில் ஒரு செபமும் ஒழுங்காகச் சொல்லவில்லை என்பதை நான் கவனித்தேன். கதவு இந்த முறை முழுதாகத் திறந்தது. பெரியம்மா கொப்பியை நீட்டினார்.

"எண்பத்தேழு திருத்தினது. முப்பத்துமூண்டு பேர் விடேல்ல அக்கா. வட்டம் போட்டிருக்கு. வேணுமெண்டா திரும்பவும் போறன்."

அன்ரி கொப்பியைத் திறக்கவில்லை. "ராத்திரி கிளறன்ஸ் கோல் எடுத்தான்" என்றார். "ஒண்ட வாசிச்சான். வாசிச்சுக்கிட்டே அழுதான், பொறகு சிரிச்சான். அப்பா செத்ததுக்கு அவன் இன்னும் அழயில்ல, தெரியுமா? போன்லயே அழுதான்." என்னைப் பார்த்தார். "நீயா எழுதின?"

தலையை ஆட்டினேன்.

"செபஸ்தியன் சொன்னது உண்மையா? முழங்கால மடக்கினது?"

"ஓம் அன்ரி."

"பதினெட்டு வருசமும் நான் ரோட்டுக் கரையில நிண்டு பாத்தேன். இவனுங்க ஏன் தாரா மாதிரி நடக்கிறானுங்க, என்ட மனுசனுக்கு நெளிச்சுக் காட்டுறானுங்களா எண்டு ஏசினேன்." உள்ளே போய்த் தன்னுடைய காட்டை எடுத்துவந்தார். நான் நினைத்தேன், இவரும் விடமாட்டார், முப்பத்துநாலாவது வட்டம் என்று.

மேசையில் வைத்துப் பெரியம்மாவின் பக்கம் தள்ளினார்.

"இதத் திருத்துங்க. அவங்களுக்கு உயரம். எனக்குத் துயரம்தான்."

பெரியம்மா கண்ணாடியைத் துடைத்தார். ஒரு கோடு, ஓரத்தில் ஒரு 'து'. அன்ரி காட்டைத் தூக்கிப் பார்த்து, மை காய ஊதினார். பிறகு போனை எடுத்து, எங்கள் முன்னாலேயே யோகநாதன் முதலாளிக்கு அடித்தார்.

"நான் கொன்ஸ்ரன்ஸ் பேசுறேன். ஐறீன் வந்தாங்க. சரி, விடுங்க. ... இல்ல, கோவமில்ல. ஆனா நல்லாக் கேட்டுக்குங்க, வருசத் திவசக் காட்டும் உங்கள்ட்டத்தான் அடிக்கப் போறேன். அத இவங்கதான் பாக்கணும். வேற ஒருத்தனும் தொடக்கூடா."

அதன் பிறகு கேக் வந்தது. நான் மூன்று துண்டு சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை பின்னேரம் பெரியம்மா புதிய கடிதத்தோடு வந்தார். முதலாளி அவசரத்தில் தன் கையாலேயே இங்கிலிஷில் தட்டி, அங்கேயே கையெழுத்து வைத்து முத்திரையும் குத்திக் கொடுத்திருக்கிறார். அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கிக் கர்த்தர் படத்துக்கு முன்னால் ஒரு தரம் காட்டினார். பெரியம்மா பிளேன்ரீயோடு உட்கார்ந்தார். பிறகு, பழக்க தோஷம், கடிதத்தை வாசிக்கத் தொடங்கினார். தோள் குலுங்கத் தொடங்கியது.

நான் எட்டிப் பார்த்தேன். 'வேர்க்கிங்' என்று அடிக்க வேண்டிய இடத்தில் 'வோக்கிங்' என்று அடித்திருந்தார். செல்வி ஐறீன் கடந்த பன்னிரண்டு வருடங்களாக எமது அச்சகத்தில் நடந்துகொண்டிருக்கிறார்.

"திருத்துங்கோ பெரியம்மா! ஆமிக்காரன் பார்த்தா என்ன செய்யிறது?"

"முத்திரை குத்தின கடிதத்தில பேனை வைச்சா அதுதான் பெரிய பிழையாப் போகும். நடக்கட்டும்." பொலித்தீன் உறைக்குள் போட்டார். "பொய்யுமில்லைத்தானே? பஸ்ஸிலயோ போறனான்?"

அடுத்த நாள் காலை ஏழரைக்குக் குடையை விரித்துக்கொண்டு ஒழுங்கையில் இறங்கி நடந்தார். 'கடிதம் இருக்கோ?' என்ற வழக்கமான கேள்வியை அம்மா கேட்க மறந்துபோனார்.